தலைமைக்கு ஐந்து புத்தகங்கள்

— அஞ்சும் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க கவிதா மேடம். அழுக்காயிரக் கூடாதுன்னு காலண்டர் தாளுல அட்டை போட்டுத்தான் வச்சிருந்தேன்.

— புத்தகத்த வாங்கிட்டுப் போறதுக்கா நான் அரியலூர்லேருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன், தலைவரம்மா?

— அப்புடிக் கூப்புடாதீங்க. அதான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேனே.

— எழுதிக் குடுத்தா ஆச்சா? ஆபீஸ்ல இன்னும் ஏத்துக்கல. பாருங்க மலர்க்கொடியக்கா, திங்கக்கிழமை விசாரணை. அதுக்குள்ள அத வாபஸ் வாங்கிடுவோம். நான் கூடவே வரேன்.

— மொதல்ல தண்ணி குடிங்க. பூலாம்பாடி ரோட்டுலேருந்து வெயில்ல நடந்து வந்துருக்கீங்க.

— பஞ்சாயத்துத் தலைவர் வீடு எதுன்னு பஸ் ஸ்டாப்புல கேட்டேன். துணைத்தலைவர் ராஜராஜன் வீட்டக் கை காட்டுறாங்க.

— இங்க அப்புடித்தான் மேடம். ஜெயிச்சது நான். தலைவர்னா அவுருதான். வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அவுங்க காட்டுலதான எங்க குடும்பமே வேல பாத்துச்சு.

— அத மாத்தத்தான் அக்கா பயிற்சி குடுத்தோம். தலைமைப் பண்புக்குப் படிக்கச் சொல்லி எல்லாத் தலைவிங்களுக்கும் இந்த அஞ்சையும் குடுத்தேன். முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க பைய விட்டே எடுக்கல.

— எட்டாவதோட சரி நானு. எழுத்துக்கூட்டித்தான் படிச்சேன். பருத்தி எடுத்துட்டு வந்து, சோறு வடிச்சுட்டு, அடுப்படியிலயே உக்காந்து படிப்பேன். எங்க வூட்டுக்காரரு பரிச்ச எழுதப் போறியான்னு சிரிப்பாரு. ஆனா அந்தக் கப்பல் கத வந்தா மட்டும் கிட்ட வந்து உக்காந்துக்குவாரு.

— எந்தக் கப்பல்?

— அந்தத் தடி புத்தகத்துல வருமே. கப்பல் முழுகுறப்ப தலைவன் கடைசியாத்தான் எறங்கணும்னு. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. என்னத்தச் சொல்ல, அவனுக்குக் கப்பல்னு ஒன்ன கையில குடுத்துருந்தாங்க. எனக்கு ஆபீஸ் சீலக்கூடக் குடுக்கல. அது ராஜராஜன் வூட்டு பீரோவுல இருந்துச்சு.

— இதத்தான் விசாரணையில சொல்லணும். சீல் தரல. தீர்மானத்த அவங்களே எழுதிட்டு, கையெழுத்துக்கு மட்டும் ஆள் விட்டாங்க. இதெல்லாம் பொய்யா?

— அத்தனையும் நெசம்.

— அப்புறம் என்னக்கா?

— கூட்டம் நடத்துறது எப்புடின்னு ஒரு புத்தகம் குடுத்தீங்கல்ல. எதிர்ல இருக்குறவங்க கண்ணப் பாத்துப் பேசணும்னு போட்டிருந்துச்சு. நீங்க எனக்காக மனு குடுத்ததுக்கு அப்புறம் ஆபீசரு ஜீப்புல வந்து, என்னைய நாற்காலியில உக்காத்தி வச்சுட்டுப் போனாரு பாருங்க, அன்னைக்கு அதத்தான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மெம்பருங்க ஒருத்தரும் வரல மேடம். காலி நாற்காலியப் பாத்துக்கிட்டு, மினிட்டு புக்குல கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்.

— இந்த முறை வருவாங்க. வர வைப்போம். ராஜராஜன் பதவிய நிறுத்தி வச்சிருக்காங்கள்ல, அதுலயே பாதி பேருக்கு பயம் வந்தாச்சு. எல்லாம் அந்தப் போட்டோவாலதான். மொத கூட்டத்துல மத்தவங்க எல்லாம் நாற்காலியில, தலைவி மட்டும் தரையில. பேப்பர்ல அதப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல அக்கா. அன்னைக்கே உக்காந்து மனு எழுதினேன்.

— ஒங்களக் குத்தம் சொல்லல மேடம்.

— அவங்க வேற எதுவும் கேக்கப் போறதில்ல. உங்களத் தரையில உக்கார வச்சாங்களா? ஆமா. அவ்வளவுதான்.

— டீ போடட்டுமா?

— ஒரு நிமிஷம் அக்கா. பேச்ச மாத்தாதீங்க.

— கொடி, உள்ளதான் இருக்கியா? யாரு வந்துருக்கா?

— வாங்க செல்வம்மாக்கா. அரியலூர் மேடம் வந்துருக்காங்க. மேடம், இவங்க பக்கத்து வூட்டுக்காரவங்க.

— மனு எழுதுன மேடமா? ஒங்களப் பாக்கணும்னுதான் இருந்தேன் தாயி.

— சொல்லுங்கம்மா.

— பருத்தி வெடிச்சு நிக்குது. இந்தக் காடு பூராவும் எங்க கையி எடுத்த காடு. ஒங்க மனு போனதுலேருந்து ஆத்தூர்ப் பக்கம் போயி வேன்ல ஆள அள்ளிட்டு வாராங்க. எங்க தெரு ஆளு ஒன்னுகூட வேண்டாமாம். கடையில பருப்பு கேட்டா தீந்துபோச்சுங்குறான், கண்ணுக்கு எதிர்க்க மூட்டைய அடுக்கி வச்சுக்கிட்டு.

— அப்படி ஒதுக்கி வைக்கிறது சட்டப்படி குத்தந்தாம்மா. அதுக்கும் தனியா ஒரு மனு எழுதலாம்.

— எழுதுவீங்க தாயி. எழுதிட்டு பஸ் ஏறிருவீங்க. விடிஞ்சு எந்திரிச்சா நாங்க எந்தக் காட்டுக்குப் போறது?

— செல்வம்மாக்கா, போதும் விடுங்க.

— நான் அவங்கள ஏசலடி. ஒனக்கு ஓட்டுப் போட்டதும் நாங்கதான், பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துருன்னு வந்து நின்னதும் நாங்கதான். அன்னைக்கு ஒன் மூஞ்சிய என்னால பாக்க முடியல. மேடத்துக்கு அது தெரிஞ்சாப் போதும். வரேன், ஒல கொதிக்குது.

— இவங்களா அக்கா உங்கள எழுதிக் குடுக்கச் சொன்னது?

— தெருவே வந்துச்சு. கையெடுத்துக் கும்புட்டாங்க. இந்த வூட்டுல என்னைய யாரும் அதுவரைக்கும் கும்புட்டதில்ல. மறுநாளு எங்க வூட்டுக்காரரு திருப்பூருக்கு வேலைக்குக் கெளம்பிட்டாரு. ஒரு வார்த்த திட்டிட்டுப் போயிருந்தாக்கூடத் தேவல.

— கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, நீங்க விலகினா ராஜராஜன் திரும்ப வந்து உக்காந்துடுவாரு. நாளைக்கு இந்தத் தெருவுல இன்னொரு பொம்பள நிக்கத் துணிவாளா?

— துணிய மாட்டா. தெரியுது.

— தெரிஞ்சுமா? பசி பட்டினிக்கெல்லாம் நான் அலைஞ்சு ஏற்பாடு பண்றேன். அதுக்காக மட்டும் நீங்க விலகல. உங்க மொகத்துல வேற என்னமோ இருக்கு. யாராச்சும் மெரட்டினாங்களா?

— இல்ல மேடம்.

— அந்த ராஜராஜன் வீட்டுக்கு வந்தாரா?

— ஒருத்தரும் வரல.

— அப்ப விசாரணைக்கு வர்றதுல என்ன பயம் அக்கா?

— பயமில்ல. சீலு குடுக்கல, தீர்மானத்த காட்டலன்னு நான் எந்த ஆபீசர் முன்னாடியும் சொல்லுவேன். அந்தத் தரையில உக்கார வச்சாங்களாங்குறத மட்டும் கேக்காம இருப்பாங்களா?

— அதான முக்கியம். அது இல்லன்னா கேஸே நிக்காது. நீங்க தயங்கவே வேண்டாம், போட்டோவே சாட்சி.

— போட்டோவுல நான் உக்காந்ததுக்கு அப்புறந்தான மேடம் இருக்கு.

— அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அக்கா, என்னப் பாத்துச் சொல்லுங்க.

— எனக்கு நாற்காலி போட்டுத்தான் வச்சிருந்தாங்க. நானும் அதுக்கிட்டப் போயி நின்னுட்டேன். அப்பத்தான் ராஜராஜன் உள்ள வந்தாரு. எந்த மவராசனும் என்னையத் தரையில உக்காருன்னு சொல்லல, உக்காந்த பெறகு எந்திரின்னும் சொல்லல. அவரு செருப்புச் சத்தம் கேட்டதும் என் காலு தானா மடங்கிருச்சு. அதுக்கு எந்தப் புத்தகம் மேடம் படிக்கணும்?