சிரிக்காத மூஞ்சி

பயப்படாம உக்காருங்க. அந்தத் தண்ணி டேங்க் மூடி ஆடும், உடையாது. தனியா பேசிட்டு வாங்கன்னு மாடிக்கு அனுப்பிட்டாங்க, இன்னா பேசறதுன்னுதான் ரெண்டு பேருக்கும் தெரில. பொண்ணு பாக்க வந்ததுலேர்ந்து நீங்க ஒரு வார்த்த பேசல. தாடி, கறுப்பு சட்ட, பஜ்ஜியக்கூட மொறச்சிகினே சாப்டீங்க. என் தங்கச்சி சுகப்பிரியா காதாண்ட வந்து, தென்றலு, கதையில வர்ற ஆளு மாரியே கீறாருடின்னா.

கதன்னா, போன்ல தெனமும் வருமே, தொடர்கத. கம்பெனி பஸ்ஸு ஒரகடம் போறதுக்குள்ள பொண்ணுங்க எல்லாம் ஒரு பாகம் முடிச்சிருவோம். ஈரோ சிரிக்கவே மாட்டான். பெரிய பங்களாவுல தனியா இருப்பான், கண்ணாடிய குத்தி ஒடப்பான், மழையில கார நிறுத்திட்டு சும்மா நிப்பான். கேட்டா பழைய காயம்பான். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சவ, இது தேறாத கேஸுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு அவன் பின்னாடிதான் ஓடும்.

சிரிக்கிறீங்களா? இல்லையா, சரி.

கம்பெனில எங்க லைன்லயும் ஒருத்தரு அப்டி மாட்னாரு. உள்ள தூசி படக் கூடாதுன்னு எல்லாருக்கும் வெள்ள கோட்டு, குல்லா, மாஸ்க்கு, உள்ள போட தனி ஷூ. கண்ணு மட்டுந்தான் தெரியும். மூக்கு, வாயெல்லாம் நாமளே நெனச்சிக்க வேண்டியதுதான். அவரு டெஸ்டிங்ல, பேரு ஜீவானந்தம். அவங்களுக்கு சாப்பாட்டு நேரம் வேற, பஸ்ஸும் வேற, மாஸ்க் இல்லாம நாங்க பாத்ததேயில்ல. வாயத் தொறக்க மாட்டாரு. கண்ணு எப்பவும் கலங்கிகினே இருக்கும். ஜமீன்னு பேரு வெச்சோம். என் கூட வேல செய்யற எழிலரசி, அவரு லவ் பண்ண பொண்ணு செத்துடுச்சின்னா. நான் ஒரு படி மேல போயி, அவருதான் கொன்னாருன்னேன். அதுக்கப்புறந்தான் எனக்கு ரொம்ப புடிச்சிது.

அப்பறம் ஒரு நாளு ஃபயர் டிரில். சைரன் அடிச்சதும் ஓடியாந்து கிரவுண்டுல நின்னு மாஸ்க்க எறக்குறோம், பக்கத்துல ஜமீன். என் காலயே பாக்கறாரு. குனிஞ்சா, ஒண்ணுல என் ஷூ, இன்னொண்ணுல எழிலரசியோடது. அந்த ஓட்டத்துலயும் ரேக்காண்ட நின்னு ஷூ மாத்தியிருக்கேன், பழக்கம். தீ புடிச்சாலும் ஷூ மாத்திட்டுதான் வருவீங்களான்னு கேட்டுட்டு சிரிச்சாரு.

வாய் பூரா கம்பி. ஆமாங்க, பல்லு சீர் பண்றது. அத மாசாமாசம் முறுக்குவாங்களாம், வலியில பேச முடியாது, கண்ணுல தண்ணியா ஊத்துமாம். நாங்க அத காதல் தோல்வின்னு வெச்சிருந்தோம். தயிர் சோறுதான் எறங்குமாம், அதுக்கும் ஊறுகா கூடாதாம்.

எனக்கு சப்புன்னு ஆயிருக்கணும்ல? ஆகல. வெக்கப்பட்டு வாய பொத்திகினு சிரிச்சாரு பாருங்க, அன்னிலேர்ந்து கத படிக்கறதயே வுட்டுட்டேன். இப்ப ஜமீன் வாய் மூடறதேயில்ல.

ம், நான் கட்டிக்கப் போறது அவரதான். படப்பைல வூடு. எங்கப்பாட்ட இன்னும் சொல்லல. சொன்னா அடிக்க மாட்டாரு, ஆனா பெரியவள படிக்க வெச்சதே தப்புன்னு சின்னவள காலேஜுக்கு அனுப்ப மாட்டாரு. எங்க வூட்ல மொத டிகிரி நாந்தாங்க. ரெண்டாவது அவளா இருக்கணும். அடுத்த வாரம் அட்மிஷன். அவ சேந்துட்டா நானே அப்பா எதிர்ல நின்னு சொல்லிருவேன். அதுக்கு முன்னாடி உங்கள வேணான்னு சொல்ற தைரியம் எனக்கில்ல.

அதனால, நீங்க கீழ போயி பொண்ணு புடிக்கலன்னு சொல்லிருங்களேன். வேற பொய் எதுவும் வேணாம். உங்க மூஞ்சிக்கு யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

அய்ய, இப்ப போயி சிரிக்கிறீங்களே. படி எறங்கறதுக்குள்ள அத தொடச்சிக்குங்க.