பச்சை விளக்கின் பன்னிரண்டு நாட்கள்

சிவப்பு விளக்கில் நிற்பது எனக்கே பிடிக்காது சார். அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

திருவாடானைப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். ராமநாதபுரத்தில் நாலு ரோடு கூடும் சந்திப்பில் வயர்லெஸ் சிக்னலைப் பொருத்தியது நான்தான். பஸ்களில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. பஸ் நெருங்கினால் கம்பத்துக்குத் தெரியும். அது கடந்து போகும்வரை பச்சை அணையாது. ஆம்புலன்ஸ்களுக்கும் ஒன்று கொடுத்திருந்தோம். அது வந்தால் மற்ற மூன்று பக்கமும் சிவப்பாகிவிடும்.

2008 ஆடி அமாவாசையை ஒட்டிப் பன்னிரண்டு நாள் சோதனை. ராமேஸ்வரம் போகும் கூட்டத்தைத் தாக்குப்பிடித்தால் மாவட்டம் முழுக்க வைப்பதாகப் பேச்சு. முதல் இரண்டு நாளில் இரண்டு ஆம்புலன்ஸ் வந்தன. ஒவ்வொரு தடவையும் நெரிசல் கலைய கால்மணி நேரம் ஆனது. ஒரு வண்டிக்காக நானூறு பேர் வெயிலில் நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆம்புலன்ஸ் வசதியை மட்டும் அணைத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஏழாம் நாள் நண்பகல். தேவிபட்டினம் ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ், மூன்று லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ராமேஸ்வரம் பஸ்கள் விடாமல் வந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கம் சிவப்பு மாறவே இல்லை. போக்குவரத்துக் காவலர் தனுஷ்கோடி வியர்க்க வியர்க்க ஓடிவந்தார்.

"தம்பி, நான் ஒத்தை ஆளு நாலு பக்கத்தையும் எப்படி மறிக்கிறது? பச்சையப் போடுங்க."

"சிக்னல் தானா மாறும்ணே. கை வச்சா சோதனை கெட்டுப்போகும்" என்றேன்.

பிறகு வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மதார் என்று பெயர், கடலுக்குப் போகிறவர் என்பதெல்லாம் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்போது சட்டையில் இருந்த ரத்தத்தைத்தான் பார்த்தேன்.

"அண்ணே, எம் பொஞ்சாதிக்குப் பேறுகாலம். ரத்தம் நிக்க மாட்டேங்குது. வழி விடச் சொல்லுங்கண்ணே."

"கொஞ்சம் பொறுங்க, இந்தா விழுந்துரும்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில்தான் சிக்னலை மாற்றும் ரிமோட் இருந்தது. ஒரு பொத்தான், அவ்வளவுதான். அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

ஒன்பது நிமிடம் கழித்துப் பச்சை விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் மனைவி ரம்ஜான் பீவி இறந்துபோனார். பிள்ளையும் தங்கவில்லை.

தெரியாமல் நடந்தது என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

அதற்குப் பிறகாவது அந்த வசதியைத் திரும்பப் போட்டாயா என்றும் கேட்டீர்கள். என்னையும் அது உலுக்கத்தான் செய்தது சார். அன்று சாப்பிடவே முடியவில்லை. ஆனால் பாதியில் நிறுத்தினால் அந்த அம்மா செத்தது வீணாகப் போய்விடாதா? அவருக்காகத்தான் மீதி ஐந்து நாளும் அணைத்தே வைத்திருந்தேன். இன்னும் மூன்று ஆம்புலன்ஸ் வந்தன. உள்ளே யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.