கொக்குப் படம் ஒட்டியிருந்த சுவர்

சாப்பிட்ட கையைக் கழுவாமல் தாளைத் தொடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிறு வயதிலிருந்தே குமட்டும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டரைக் குறை சொல்லவில்லை சார். எண்ணெய் சொட்டும் வாழைப்பழ பஜ்ஜி, இந்தப் பழம்பொரி, நல்ல பண்டம்தான். ஆனால் அதே விரலால் என் படத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அவர் கையைக் கழுவிவிட்டு வரட்டும். நான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு இருக்கிறது. பழைய நீதிக்கதைப் படங்களைச் சேகரிக்கிறேன். காக்கையும் நரியும் அச்சிட்ட தீப்பெட்டி லேபிள், முயலும் ஆமையும் உள்ள பிஸ்கட் டப்பா, சிங்கமும் எலியும் போட்ட மில் துணிச் சீட்டு. அவற்றை மனிதர்கள் வைத்திருக்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். கோவிந்தாபுரத்தில் ஒருவர் பிஸ்கட் டப்பாவில் கருவாடு வைத்திருந்தார். மூடியில் ஆமையின் முகத்தை உப்பு தின்றுவிட்டிருந்தது. பெருமாட்டியில் ஒரு பெண், என் கண்ணெதிரே, கைக்குழந்தையின் மலத்தை நரியும் திராட்சையும் உள்ள படத்தால் வழித்து வெளியே எறிந்தாள். எடுத்து வந்து கழுவினேன். நரி வந்தது, திராட்சை போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொல்லங்கோட்டில் முன்பு ஒரு காப்பித்தூள் கடை இருந்தது. தீபாவளிக்கு வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு கதைப் படம் கொடுப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு படங்கள். என்னிடம் கொக்குப் படம் மட்டும் இல்லை. குளம் வற்றப்போகிறது, வேறு குளத்தில் விடுகிறேன் என்று சொல்லி மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தின்ற கொக்கு. கடைசியில் நண்டு அதன் கழுத்தை நறுக்கிய கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அது இந்த மலையில் இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. ஒருமுறை இங்கே சுற்றிப் பார்க்க வந்தபோது பாண்டீஸ்வரனின் ஜீப்பை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவன் நம்பர் என் போனில் இருந்தது. அவனுடைய அம்மா மாரித்தாய் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். கேக்கைப் பிய்த்துத் தின்னும் அந்த அம்மாளின் தலைக்குப் பின்னால், அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துச் சுவரில், என் கொக்கு.

மறுநாளே புறப்பட்டு வந்தேன். என்ன விலை கேட்பார்களோ என்று பயந்தேன். மாரித்தாய் சிரித்துவிட்டாள்.

"இந்தக் கொக்கையா கேக்கீங்க? நான் வாக்கப்பட்டு வந்த நாளையில இருந்து இங்கனதான் நிக்குது. இன்னும் ஒரு மீனக் கூட புடிக்கக் காணோம். தாராளமா கொண்டு போங்க."

சொல்லிக்கொண்டே படத்தின் மூலையில் நகத்தை விட்டாள். வெற்றிலைச் சாறு ஏறிய நகம். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாமுங்கம்மா. கைய எடுத்துருங்க."

"எம்மா, ஐயா உன் கையப் புடிச்சிட்டாருல்ல. தாலி கொண்டாந்திருக்காரான்னு கேளு" என்றாள் மகள் கற்பகம். பாண்டீஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தான். இப்படிப்பட்ட ஆட்கள்.

சுவரில் ஒட்டிய தாளை முன்பக்கம் நனைத்தால் அந்தக் காலத்துச் சிவப்பு மை கரைந்து ஓடும். ஈரம் பின்னாலிருந்து வர வேண்டும், மெதுவாக. அந்தச் சுவர் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. சிமெண்ட் இல்லை. வெளிப்பக்கம் சாக்குகளைச் சாத்தி, ஊற்றுத் தண்ணீர்க் குழாயைத் திருப்பி, சாக்குகள் எப்போதும் நனைந்திருக்கும்படி விட்டேன். மழைச்சாரல் படத்தில் ஏறாமல் இருக்கத்தான் சாக்கு என்று அவர்களிடம் சொன்னேன். நம்பினார்கள். ஆடி மாதத்துக் கர்க்கடக மழை பெய்துகொண்டிருந்ததால் ஈரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டவுனில் அறை எடுத்துத் தங்கி, தினமும் வந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டீஸ்வரன் சுவரைத் தடவிப் பார்த்தான்.

"ஐயா, செவுரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குதே. அம்மா கட்டில அந்தப் பக்கம் மாத்திப் போட்ரவா?"

நானும் அந்த வீக்கத்தைப் பார்த்திருந்தேன். ஆனால் கட்டிலை இழுத்தால் அதன் கால் படத்தின் கீழ் ஓரத்தை உரசும். அந்த ஓரம் அப்போதுதான் விட ஆரம்பித்திருந்தது.

"ஒண்ணும் ஆகாதுங்க தம்பி. பழைய செவுரு, அப்படியே நிக்கும். நான் பாக்காததா" என்றேன்.

படம் முழுதாக வந்தது சார். கொக்கின் முகத்தை அந்த ஓவியர் எவ்வளவு கனிவாக வரைந்திருக்கிறார் என்று அப்போதுதான் பார்த்தேன். மீன்கள் தலையைத் தூக்கி அதன் பேச்சைக் கேட்கின்றன. அது இருந்த இடத்தில், அடியில், இன்னொரு தாள் தெரிந்தது. நரியின் வால் நுனி. திராட்சை போன என் நரிக்கு மாற்று. அது விடுவதற்கு இன்னும் ஈரம் வேண்டும். அதனால் குழாயை மூடவில்லை.

மதியம் சாப்பிடச் சொன்னார்கள். கருவாட்டுக் குழம்பு. அந்த நாற்றத்தில், அந்த ஓதச் சுவரை ஒட்டி உட்கார்ந்து, மறுக்க முடியாமல் சாப்பிட்டேன். மாரித்தாய் தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து என் தட்டில் போட்டாள், அதே நகத்தால். பிறகு ஏப்பம் விட்டபடி கட்டிலில் சாய்ந்தாள். பாண்டீஸ்வரன் கீழே பாயில் படுத்தான்.

டவுனுக்குப் போகும் ஜீப் நிற்கும் இடம்வரை கற்பகம் குடை பிடித்து வந்தாள். "நீங்க நனைஞ்சாலும் பரவால்ல, கொக்கு நனையக் கூடாதாக்கும்" என்று வழியெல்லாம் கேலி. சாலையில் நிற்கும்போது சத்தம் கேட்டது. கல் சரியும் சத்தம் எனக்குத் தெரியும். அவள் குடையை என் கையில் விட்டுவிட்டு ஓடினாள். வந்த ஜீப்பில் நான் ஏறினேன்.

சுவர் விழும் என்று தெரியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தெரியும். எங்கள் ஊரில் ஆளில்லாத ஒரு பண்ணை வீட்டில் இதே முறையில்தான் சிங்கப் படத்தை எடுத்தேன். மறுநாள் சுவர் விழுந்து, நிழலுக்கு ஒதுங்கியிருந்த வெள்ளாடு ஒன்று செத்தது. அதற்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இரண்டு உடல்களையும் முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இடிபாட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். நரி அங்கேயேதான் இருந்தது, ஒரு கல்லில் ஒட்டியபடி. அதன்மேல் நரைத்த முடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் எடுத்துத் துடைத்தேன். நிமிர்ந்தபோது கற்பகம் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அந்தக் குழாய யாரு தொறந்து விட்டது?"

அப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவள் என்மேல் கொடுத்த புகாரில் தவறில்லை. படம் எடுத்த பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் சாக்கை எடுத்து, குழாயை அடைத்திருப்பார்கள். நரி வந்திருக்காது. அதற்காகத்தான் சொல்லவில்லை. அவர்களைச் சாகவிட்டது நான்தான். இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் படம் நனையக் கூடாது என்று நான் குடை கேட்டிருக்காவிட்டால் கற்பகமும் உள்ளேதான் படுத்திருப்பாள். இன்று அவள் உயிரோடு இருப்பது என்னால். அதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். தொண்டிமுதலை, அதாவது வழக்கில் கைப்பற்றிய பொருளை, நூலில் கோத்து எண் சீட்டுக் கட்டுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். கொக்குப் படத்தில் துளை போட வேண்டாம் சார். அந்தச் சுவரிலிருந்து ஒரு கீறல் கூட இல்லாமல் இறங்கி வந்தது. நம் கையில் இருக்கும்போது அதற்கு ஒரு கெடுதல் வந்தால் மனது தாங்காது.