ஐந்தாவது கண்ணாடி

— ஏணிய அப்புறம் சாத்தலாம், மிஸ்டர் புரோபர்ட். முதல்ல உக்காந்து டீயக் குடிங்க. ஆறிப்போயிடும்.

— மிசஸ் டிரான்ட்டர், டீ குடிக்கவா நான் முப்பது மைல் வந்தேன்? அதாவது, சர்ச் சுவர்ல நான் ஒட்டின கண்ணாடி உடைஞ்சிருச்சுன்னு நீங்கதானே காலைல போன் பண்ணினீங்க?

— பண்ணினேன், இல்லேங்கல. கண்ணாடி எங்கயும் ஓடிப்போயிடாது. சோம்பு போட்டு கேக் வேற செஞ்சிருக்கேன், கேட்டீங்களா.

— சரி, ஒரே ஒரு துண்டு. அப்பா, இந்தக் கல் பெஞ்சு எலும்பு வரைக்கும் குளிருதே!

— மூணரை அடி கனச் சுவராச்சே. ஆகஸ்ட்லயே கம்பளி வேணும். அந்தக் காலத்துல நடுவுல பெஞ்சே கிடையாதாம். எல்லாரும் நின்னுக்கிட்டேதான் பூசை கேப்பாங்களாம். முடியாத கிழடுகட்டைங்க மட்டும் இந்தச் சுவரோரக் கல்லுல உக்காருமாம். இப்ப அந்தக் கிழடு நான் ஒருத்திதான்.

— உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— ஐயோ, கேக்குல சர்க்கரை பத்தலையா?

— கேக் நல்லாத்தான் இருக்கு. பிஷப் ஆபீஸ்லேருந்து கடுதாசி வந்திருக்கு. அதாவது, அந்த வளைவுப் பக்கத்துச் சுவர் விரிசலுக்குக் குறுக்க நான் ஒட்டி வெச்ச கண்ணாடி உடைஞ்சா, சுவர் நகருதுன்னு அர்த்தம். ரெண்டு வருஷத்துல நாலு கண்ணாடி உடைஞ்சிருச்சு. இன்னிக்கு அஞ்சாவது. இதையும் நான் எழுதிக் குடுத்தா சர்ச்ச மூடிருவாங்க. சாவிய நீங்க ஒப்படைச்சிடணும்.

— மூடறதா? தொள்ளாயிரம் வருஷமா நிக்குது, மிஸ்டர் புரோபர்ட்!

— யாரு இல்லேன்னா? இங்கிலாந்தப் பிடிச்ச வில்லியம் ராஜா கூட நார்மண்டியிலேருந்து படகேறி வந்த கூட்டத்துல எவனோட பேரனோ கட்டினது. ஆனா அவசர வேலை. அதாவது, வெளிய கல்லு, உள்ள கல்லு, நடுவுல வெறும் சரளையும் சுண்ணாம்பும். அஸ்திவாரம் முழங்கால் ஆழம்கூட இல்ல. அந்தப் பெரிய வளைவப் பாருங்க. பல்லு பல்லா எவ்வளவு அழகாச் செதுக்கியிருக்கான்! ஆனா உச்சி தொங்கிப்போச்சே.

— வலது பக்கம் செதுக்காமலே விட்டுட்டான். கொத்தன் செத்தானோ, கோவிச்சுக்கிட்டுப் போனானோ. என் கல்யாணத்தன்னிக்கே உச்சி அப்படித்தான் தொங்கிச்சு. வால்ட்டர் அண்ணாந்து பாத்துட்டு, "தலைல விழறதுக்குள்ள சீக்கிரம் சம்மதம்னு சொல்லிடு"ன்னாரு. பாதிரியாருக்கே சிரிப்பு வந்திருச்சு.

— அவர் போயி எவ்வளவு நாளாச்சு?

— வர்ற பிப்ரவரிக்கு மூணு வருஷம். காலைல ஒன்பது மணிக்கு வந்து கதவத் திறக்கறேன், அஞ்சு மணிக்குப் பூட்டறேன். நடுவுல ஒரு ஈ காக்கா வராது. பாதிரியாருக்கு எட்டு ஊரு, மாசத்துல ஒரு ஞாயிறு வந்துட்டு ஓடிருவாரு. வீட்ல போன் அடிச்சா மருந்துக் கடை மெஷின் பேசும். அதுக்கும் நன்றி சொல்லித்தான் வைக்கறேன், வெக்கக்கேடு.

— இன்னொரு துண்டு குடுங்க.

— சர்ச்ச மூட விட்டுடாதீங்க, மிஸ்டர் புரோபர்ட். சுவர் நகரல.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கண்ணாடிய உடைச்சது நான்தான்.

— என்னது?

— சர்ச் வார்டன்னு எனக்கு ஒரு கம்பு குடுத்திருக்காங்களே, பித்தளைப் பூண் போட்டது, கீழ நின்னே அதால ஒரே இடி. முதல் தடவை சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் பழகிருச்சு.

— ஏம்மா? எதுக்கு?

— உடைஞ்சா நீங்க வருவீங்க. வந்தா ரெண்டு மணி நேரம் இருப்பீங்க. அதாவது அதாவதுன்னு இந்தக் கல்லுங்களப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பீங்க. எனக்கு வேற யாரு இருக்கா?

— அடக் கடவுளே! கோடையில அஸ்திவாரத்துக்குக் கீழ களிமண்ணு காஞ்சு சுருங்குது, அதனாலதான் உடையுதுன்னு நாப்பது பக்கம் எழுதி வெச்சிருக்கேன். நீங்க கம்பால இடிச்சீங்களா!

— திட்டிடுங்க. வாங்கிக்கறேன்.

— திட்டவா? எனக்கு ஆடணும்போல இருக்கு! அதாவது, சுவருக்கு ஒண்ணுமே இல்ல! கண்ணாடிய நான்தான் சரியா ஒட்டலன்னு எழுதிடறேன், பழி என்மேலயே போகட்டும். இனிமே ஏணி எதுக்கு? வண்டியில ஏத்திடறேன்.

— நிஜமாவா? மூட மாட்டாங்களா?

— மாட்டாங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்னு கதவுல ஒட்டியிருக்கே, அதையும் ஜாம்ஜாம்னு நடத்துங்க.

— பதினோரு வருஷத்துல முதல் குழந்தை. பண்ணைக்குப் புதுசா வந்தவங்க. சொந்தபந்தம் முப்பது பேர் வர்றாங்களாம்.

— முப்பது பேரா! அப்புறம் என்ன? எல்லாரையும் அந்த வளைவுக்குக் கீழ நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுங்க. நானும் சும்மா ஒரு நாள் வர்றேன். கண்ணாடி உடையாமலே வர்றேன், சத்தியமா. கிளம்பட்டுமா?

— மிஸ்டர் புரோபர்ட்.

— என்னம்மா?

— ஏணியச் சாத்துங்க. மேல ஏறிப் பாருங்க.

— எதுக்கு? அதான் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே.

— முதல் நாலு கண்ணாடியத்தான் நான் உடைச்சேன். இந்த அஞ்சாவத நான் தொடல.