நிர்மலாவுக்குத் தொண்டை சரியில்லை

செல்போனே கதியென்று கிடப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என்னிடம் இருப்பதே இரண்டுதான்.

உறுப்பினர்கள் சார்பில் கேட்க வந்திருக்கிறீர்கள், அர்த்தநாரி. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். 'வேலம்பாளையம் ஜாப் ஒர்க் நண்பர்கள்' வாட்ஸ்அப் குழுவை, கூலிக்குப் பனியன் தைப்பவர்களுக்கும் அச்சடிப்பவர்களுக்கும் தொடங்கியபோது முதல் விதியை எழுதியவன் நான்தான். புகாரில் அட்மினின் சொந்தக்காரர் சிக்கினால், அந்த அட்மின் விலகிக்கொள்ள வேண்டும். அடுத்த அட்மின் விசாரிக்க வேண்டும். எழுநூறு பேரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

ஆனால் அடுத்த அட்மினாக வர ஒருவருக்கும் நேரமில்லை. எல்லோருக்கும் ஷிப்மெண்ட் அவசரம். இன்னொரு சிம் வாங்கி நிர்மலாவை நானே கொண்டுவந்தேன். முகப்பில் ஒரு சாமந்திப்பூ. என்னைவிடப் பொறுமைசாலி. அழைத்தால் மட்டும் எடுக்கமாட்டார். நான்கு வருடமாகத் தொண்டை சரியில்லை.

அமராவதியை உங்களுக்குத் தெரியும். ஆறு மெஷின் போட்டுக் குழந்தைகள் பனியன் தைத்தவர். பனியனில் அச்சடித்த கரடிக்கு ஒரே துவைப்பில் மூக்கு போய்விட்டது என்று குழுவில் புகார் போட்டார். அச்சடித்தது என் மனைவியின் தம்பி லிங்கசாமி.

"தப்பு பிரிண்டிங்லதான்னு குரூப்புல சொல்லிட்டாப் போதுமுங்க. இல்லீன்னா ஆர்டர் குடுக்கறவரு இனி என்ற பக்கமே திரும்ப மாட்டாருங்க," என்று குரல் பதிவு அனுப்பினார்.

லிங்கசாமி என்னை அழைத்தான். "மச்சான், அது பொம்மைக் கரடிங்க. மூக்கு இருந்து என்னத்த மோந்து பாக்கப் போகுதுங்க?"

விதிப்படி விலகினேன். அந்தப் பனியன் ஒன்றை வாங்கி நானே துவைத்தும் பார்த்தேன். இரண்டாம் துவைப்பில் காதும் போயிற்று. ஆனால் விலகிய ஒருவன் தனக்குத் தெரிந்ததை நிர்மலாவிடம் சொல்லி அவர் மனதைக் கலைப்பது முறையாகாது. சொல்லவில்லை.

நிர்மலா மூன்று நாள் யோசித்தார். "நீங்க ஒருத்தருதாங்க்கா ஞாயமாப் பேசறவங்க," என்று அமராவதி அவருக்குத் தனியாக அனுப்பியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு தீர்ப்பைப் போட்டார்: துவைத்த முறை தவறு, பிரிண்டிங்கில் குறையில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு மரியாதை முக்கியம். 'நிர்மலா அம்மாவின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். இப்படிக்கு, மகுடேஸ்வரன்' என்று தட்டி அனுப்பினேன். நிர்மலாவின் போனிலிருந்து.

உடனே அழித்தேன். அதற்குள் அமராவதி, "ஏனுங்க்கா, உங்களுக்கு நீங்களே கும்புடு போட்டுக்கறீங்க?" என்று குழுவில் கேட்டுவிட்டார். ஸ்கிரீன்ஷாட் பகிர்வது விதிமீறல். அதையும் அவர் பகிர்ந்ததால் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கியது நான் இல்லை. நான் விலகியிருந்தேனே.

அமராவதிக்கு ஆர்டர் நின்றது. ஆறு மெஷினையும் விற்றுவிட்டு, இப்போது நல்லூரில் ஏதோ கம்பெனியில் தைத்த பனியன்களை மடிக்கிறார் என்கிறார்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. நிர்மலாவுக்கும்.

ஆமாங்க அர்த்தநாரி, நிர்மலா நான்தான். என்மேல் விசாரணை வேண்டும் என்கிறீர்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் என்மேல் வந்த புகாரை நானே விசாரிப்பது முறையாகாது. இன்று காலையே விலகிவிட்டேன். நிர்மலா என்ன தீர்ப்புச் சொன்னாலும் கட்டுப்படுவேன்.