நடுங்காத கோடு

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் போனில் பச்சைக் கட்டங்களைப் பார்ப்பேன். எல்லாம் பச்சையாக இருந்தால் பால் காய்ச்சுவேன். ஒரு முட்டை அவிப்பேன். முன்பு இரண்டு அவிப்போம். கேஸை மூடிவிட்டேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டுவேன். புதுவாயலிலிருந்து பைக்கில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. லாரிக்குப் பின்னால் போனால் புகை, முன்னால் போனால் ஹாரன். நான் பின்னால்தான் போவேன்.

நேற்றுக் காலையும் இப்படித்தான் இருந்தது. நேற்று நான் வேறு ஆளாக இருந்தேன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன் சார்.

நீங்கள் கூப்பிட்டு நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வெளியே பெஞ்சில் நர்மதா உட்கார்ந்திருக்கிறார். இறந்துபோன ஃபிட்டர் வரதனின் மனைவி. அவரிடம் உங்கள் ஏட்டு பேசிக்கொண்டிருந்தார். "உன் ஊட்டுக்காரன் இந்த வருசமும் சந்தனத்த சென்சார் வாயில அப்பிட்டான்மா. அதான் மேனேஜரும் பூட்டாரு, அவனும் பூட்டான்." அது பிழையான தகவல். பிழையான தகவல் பதிவாவது எனக்குப் பிடிக்காது. என் வேலையே அதுதான்.

எங்களுடையது சாயத்துக்கு மூலப்பொருள் செய்யும் கம்பெனி. இன்ஜினியரிங் முடித்ததும் என்னைக் கண்காணிப்பு அமைக்கும் வேலைக்கு எடுத்தார்கள். மூன்று மென்பொருள்கள் போதும். மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எப்படி இருக்கிறது என்று படித்தும் பார்க்கலாம். சென்சார்கள் விடாமல் அனுப்பும் எண்களை வரிசை குலையாமல் வாங்கிக்கொள்வது ஒன்று. அவற்றைச் சேமித்து வைப்பது டேட்டாபேஸ். கடைசியில் உள்ளது எண்களைக் கோடாகவும் கட்டமாகவும் டிவியில் காட்டும், எல்லை தாண்டினால் போன் அடிக்கும். ஏசி அறையில் இருந்த பழைய சர்வரில் மூன்றையும் நான்தான் ஏற்றினேன். முதல் கோடு திரையில் ஊர்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போது எனக்குச் சந்தோஷம் வரும்.

ஃபேக்டரி ஆட்களுக்குச் சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி வைப்பவர். வரதன் அறைக் கதவைத் தட்டி, "இன்னா சர்வர், இன்னிக்கு இன்னா ஸ்பெசலு?" என்பார். "சூடா ரெண்டு கோடு வையி, கெட்டி சட்னியோட." லேபில் வேலை செய்த என் மனைவி ஏஞ்சலின் அதைப் பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் நான் சர்வர்தான்.

கழிவுநீர் பம்ப் அறை தரைக்குக் கீழே இருக்கிறது. இரும்புப் படியில் இறங்க வேண்டும். கழிவுநீர் தேங்கினால் அங்கே ஒரு வாயு சேரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் அடிக்கிறவரை தப்பிக்கலாம். அடித்து, பிறகு நின்றுவிட்டால்தான் ஆபத்து. அளவு ஏறியதும் மூக்கு மரத்துப்போகும். மரத்துப்போன மூக்குக்கு எல்லாமே நல்ல காற்றுதான்.

ஏஞ்சலின் தினமும் அங்கே இறங்கித்தான் கழிவுநீர் சாம்பிள் எடுப்பாள். முன்பு கையடக்க மீட்டர் ஒன்றைக் கொண்டுபோவாள். அறை வாசலில் என் டிவி வந்தபிறகு, எல்லாரையும் போல, அது பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்க ஆரம்பித்தாள். மீட்டர் அலமாரிக்குப் போய்விட்டது.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள சென்சாரின் கோடு சும்மா இருக்காது. காற்றில் எதுவும் இல்லாவிட்டாலும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருக்கும். ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் நின்றுவிட்டால் சென்சார் செத்துவிட்டது என்று பொருள். கட்டம் அப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய்ப் பச்சை. அதற்காக நான் ஒரு விதி எழுதியிருந்தேன். எந்தக் கோடாவது நெடுநேரம் நடுங்காவிட்டால் எனக்கும் பிளான்ட் மேனேஜர் மோகன்ராஜுக்கும் போன் வரும்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு பிளான்ட்டை மூடினார்கள். வரதன் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பம்ப், பேனல், வெல்டிங் மெஷின், என் சர்வர், கீபோர்டு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். பம்ப் அறையில் இருந்த சென்சாருக்கும் வைத்தார். அதற்கு முகம் என்று இருப்பது வாய் மட்டும்தான். சந்தனம் காய்ந்து அந்த வாயை அடைத்துக்கொண்டது.

விதி சரியாக வேலை செய்தது. ஆனால் பிளான்ட் மூடியிருந்ததால் எதுவும் ஓடவில்லை. மின்சாரம் நிறுத்திய பம்ப், மோட்டார்களின் கோடுகளும் படுத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போன் அடித்தது. திருநின்றவூரில் மாமியார் வீட்டில் இருந்த மோகன்ராஜ் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா ஜோஷ்வா, இலை முன்னால உக்காந்துகினு கீறேன், உன் மெஷினு ஒரு வாய் துன்ன உட மாட்டேங்குது. மாமியார் வேற யாரு அந்தப் பொண்ணுன்னு பாக்கறாங்க. அத்த நிறுத்துப்பா."

நிறுத்தினேன். அந்த மென்பொருளில் அதற்கு மௌனம் என்றே பெயர். ஒரு பொத்தான்.

விடுமுறை முடிந்த முதல் நாள் ஏஞ்சலின் சாம்பிள் எடுக்க இறங்கினாள். மேலே வரவில்லை.

அவள் கம்பெனி பஸ்ஸுக்காக எனக்கு முன்பே கிளம்பிவிடுவாள். அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "டிபன் பாக்ஸ மறந்துட்டு வராத சர்வர்," என்றாள். அவள் கடைசியாகச் சொன்னது அது என்று விசாரணையில் சொன்னேன். அடக்கத்துக்கு முன் அவள் அப்பா எட்வர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எம்மவ கடைசியா இன்னா மாப்ள சொல்லிச்சு?" அவரிடமும் அதையே சொன்னேன். அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். டிபன் பாக்ஸ, டிபன் பாக்ஸ என்று.

கல்லறையில் மோகன்ராஜும் இருந்தார். மண் போட்டு முடித்ததும் எல்லார் முன்னாலும் சொன்னார். "இனிமே லீவு உட்டுத் தொறந்தா மொதல்ல நான்தான் எறங்குவேன். எனக்கு அப்புறந்தான் என் ஆளுங்க." அவர் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். அவர் அப்படிப்பட்டவர் என்பது எனக்கு உதவியாக இருந்தது.

விசாரணையில் சந்தனத்தைக் கண்டுபிடித்தார்கள். வரதன் அதற்குப் பிறகு என்னைச் சர்வர் என்று கூப்பிடுவதில்லை. ஒருநாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். "சாமிக்கு வெக்கறதா நெனச்சித்தான் வெச்சேன் தம்பி." எனக்குத் தெரியும் என்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நிறுத்தச் சொன்னவர் அவர் இல்லையே.

வேலையை விடவில்லை. வீட்டில் இருந்து என்ன செய்வது. டேட்டாபேஸில் பழைய எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பம்ப் அறைக் கோட்டில் அவள் இருந்த நாட்களில் எல்லாம் காலையில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. ஏறி இறங்கி, பிறகு பழையபடி நடுங்கும். அவள் கதவைத் திறந்தபோது காற்று கலைந்ததால் வந்த மேடு. ஞாயிறுகளில் அது இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்திலும் இல்லை. அவள் போட்டோவைவிட அது எனக்குப் பிடித்திருந்தது.

விபத்துக்குப் பிறகு ஏற்பாடுகளைக் கடுமையாக்கினார்கள். மௌனப் பொத்தானைத் தனியாக அழுத்த எனக்கு அனுமதி இல்லை. சென்சாரோடு ஒரு ஹாரனைப் பொருத்தினார்கள். அது என் சர்வரைக் கேட்காமல் தானாகவே அலறும். மீட்டர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. மின்னணுக் கருவிகளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு வரதன் கிண்ணத்தைத் தொடவில்லை. "எனக்குக் கை வர்ல தம்பி," என்றார். நான் வாங்கிக்கொண்டேன். சர்ச்சுக்குப் போகிற பையன் சந்தனம் வைக்கிறான் என்று சிலர் சிரித்தார்கள். பெண்கள் சிலருக்குக் கண் கலங்கியது. பம்புகளுக்கு வைத்தேன், வெல்டிங் மெஷினுக்கு வைத்தேன். பம்ப் அறையில் தனியாக இருந்தபோது சென்சாரின் வாயில் விரலால் அழுத்தித் தேய்த்தேன். மேலே மஞ்சள் தெரியாதபடி கைக்குட்டையால் துடைத்தேன். அலமாரியில் இருந்த மீட்டருக்கும் அப்படியே செய்தேன். அன்று மாலை எல்லாருக்கும் பொரி கொடுத்தார்கள். என் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்று நாள் கழிவுநீர் தேங்கி நின்றது. ஹாரன் அலறாது. ஆனால் கோடு நடுங்காமல் நின்றால் விதி போன் அடிக்கும். அந்த விதியை நானே எழுதினேன், நன்றாக எழுதியிருந்தேன். அதனால் கோட்டுக்கு நடுக்கம் கொடுத்தேன். டேட்டாபேஸிலிருந்து ஏஞ்சலின் உயிரோடு இருந்த கடைசி மாதத்தின் எண்களை எடுத்து, சென்சார் அனுப்பும் எண்களுக்குப் பதிலாக அந்த வரிசையில் விட்டேன். சிறிய நிரல்தான்.

நேற்றுக் காலை மோகன்ராஜ் வந்தார். மீட்டரை இடுப்பில் மாட்டிக்கொண்டார். வாசல் டிவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாம் ஓகேதான ஜோஷ்வா?"

"பச்சை சார்."

என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு மெல்ல ஏறி இறங்கியது. மோகன்ராஜ் கதவைத் திறந்ததால் அல்ல. ஏஞ்சலின் திறந்தது அது, போன வருடம்.

கீழே விழுந்த சத்தம் கேட்டது. பக்கத்தில் ஸ்பேனரோடு நின்ற வரதன், "ஐயோ, சாரு உழுந்துட்டாரு," என்று படியில் இறங்கினார். அவர் சட்டையை நான் பிடித்திருக்கலாம். கை எட்டும் தூரம்தான். உள்ளே வாயு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரும் இறங்கிவிட்டார்.

ஆகவே சந்தனம் வைத்தது வரதன் இல்லை. நான். மோகன்ராஜைக் கொல்வதற்காக வைத்தேன். வரதனைக் கொல்ல நினைக்கவில்லை, தடுக்கவும் இல்லை. இதை நர்மதா கேட்கும்படி ஏட்டையாவே சொல்லிவிட்டால் நல்லது. அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

திருத்தவேண்டியது இன்னும் இரண்டு இருக்கிறது.

மோகன்ராஜ் நிறுத்தச் சொன்னார் என்றேன். அவர் சொன்னது அத்தோடு முடியவில்லை. "லீவு முடியற வரிக்கும் நிறுத்து. தொறக்கற அன்னிக்கு மறக்காம போட்டுருப்பா," என்றார். நான் போடவில்லை. மறந்துவிட்டேன். இருந்தாலும் நிறுத்து என்ற சொல் அவருடையதுதான். அந்தச் சொல் இல்லாமல் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று ஏஞ்சலின் கடைசியாகச் சொன்னது. டிபன் பாக்ஸ் அல்ல.

அன்று அவள் பம்ப் அறை வாசலில் இருந்து இன்டர்காமில் என்னைக் கூப்பிட்டாள். "கதவு தொறந்தப்ப குப்புனு நாறுச்சு ஜோஷு. இப்ப ஒண்ணுமே தெரில. மீட்டர எடுத்தாரட்டா?"

கோடு என் எதிரே திரையில் இருந்தது. ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் இருந்தது. அதைப் பார்த்ததும் மௌனத்தை எடுக்காதது ஞாபகம் வந்தது. மீட்டர் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், லேபில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவள் கீழே போவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மௌஸைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"பச்சைதான், எறங்கு," என்றேன்.

அவள் சிரித்தாள். "சரி சர்வர். நீ பாத்துக்கினு கீற இல்ல, அப்புறம் இன்னா பயம்."