நாய்க்கு முதுகு காட்டிய சடையாண்டி

ஊமத்தம்பட்டிக்கு வண்டிப்பாதை போடாத காலமாம். அந்தக் காலத்துல அங்க சடையாண்டின்னு ஒரு மனுசன் இருந்தாராம். மீசைன்னா மீசை, அப்படி ஒரு மீசை. அவர்கிட்ட கரிச்சான்னு ஒரு கறுப்பு நாய் இருந்துச்சாம்.

சொந்தபந்தம் வந்துட்டாப் போதும், சடையாண்டிக்குக் கை அரிக்கும். கரிச்சானுக்குக் கறியெலும்பைப் போடுவார். அது வாய் வச்சதும் வெடுக்குனு பிடுங்குவார். அது "உர்ர்ர்ர்"னு பல்லைக் காட்டும். மறுபடி போடுவார், மறுபடி பிடுங்குவார்.

"பாருங்கடா! தன் பொருளைத் தொட்டா அப்பன்னும் பாக்க மாட்டான், ஆத்தான்னும் பாக்க மாட்டான். யார் வளர்ப்பு?"

"ஒம்ம வளர்ப்புதான் மாமோய்!" கூட்டம் தொடையைத் தட்டிச் சிரிக்குமாம். சடையாண்டிக்கு உச்சி குளிர்ந்து போகுமாம்.

ஒரு மாசி மாசம், குலசாமி கும்பிடுக்கு மகள் ஒச்சாயி கைப்பிள்ளையோட வந்தா. தவழுற பிள்ளை, பேரு மாயன். தவழ்ந்துச்சு, தவழ்ந்துச்சு, கரிச்சானோட கல்தொட்டிக்கே போயிருச்சு. தொட்டியில இருந்த களியை அள்ளக் கையை நீட்டுச்சு. உர்ருன்னு ஒரு சத்தம். அடுத்த நொடி வீல்ல்ல்னு ஒரு அலறல். பிள்ளை கன்னம் கிழிஞ்சு ரத்தம் கொட்டுது.

சடையாண்டி உலக்கையைத் தூக்கிட்டார். "கொன்னுபுடுறேன் இதை!"

ஒச்சாயி முந்தானையால பிள்ளை கன்னத்தை அமுக்கிக்கிட்டே குறுக்க வந்து நின்னாளாம்.

"எதுக்குய்யா அடிக்கிறீக? கை வந்தாப் பிடுங்கத்தான் வரும்னு அதுக்குப் படிச்சுக் குடுத்தது யாரு? ஒங்க கை எது, எம்பிள்ளை கை எதுன்னு அதுக்குத் தெரியுமா? அந்தப் பயத்தை அதுக்குப் போக்குங்க. அதுவரைக்கும் இந்த வாசல்ல எங்கால் படாது."

சொன்னா, போயிட்டா. சிரிச்ச கூட்டம் ஒவ்வொருத்தரா நழுவிருச்சாம். உலக்கை தானாக் கீழ விழுந்துச்சாம்.

அன்னைக்கே சடையாண்டி கல் சுமந்தார். கல்தொட்டியைச் சுத்தி, பிள்ளைக ஏற முடியாத உயரத்துக்கு ஒரு வட்டம் கட்டினார். உள்ள போக அவருக்கும் கரிச்சானுக்கும் மட்டும் ஒரு படல் கதவு. கஞ்சியை ஊத்திட்டு எதிர்ல நின்னார். கரிச்சான் கஞ்சியைக் குடிக்கல. அவர் கையையே பார்த்து உறுமுச்சு. அந்தக் கண்ணைப் பார்க்க அவருக்குக் கூசிருச்சாம். மடியில இருந்த கருவாட்டுத் துண்டைத் தூரத்துல இருந்தே தொட்டியில போட்டார். முகத்தைத் திருப்பினார். முதுகைக் காட்டி நடந்தார். உறுமல் நின்னுபோச்சு! பின்னால சளப்பு சளப்புன்னு கஞ்சி குடிக்கிற சத்தம்.

ஓகோ, பிடுங்க வர மாட்டேன்னு தெரிஞ்சாத்தான் வாய் வைக்கும், இதானா சங்கதின்னு அவருக்கு விளங்கிருச்சு. ஆனா முதுகு காட்டுறதுன்னா அந்தச் சீமையில செத்தவனுக்குச் சமானமாச்சே! எளவட்டங்க விடுவாங்களா?

"ஏலேய், சடையாண்டி மாமா ஓடுறாருடோய்!"

"எதிரி யாரு மாமா? வாலு இருக்கா, இல்லையா?"

மூஞ்சி செவந்து போகும். மீசை துடிக்கும். ஆனாலும் தெனமும் ஒரு துண்டு கருவாடு, தெனமும் முதுகு. தூர இருந்து போட்டவர் கொஞ்சங்கொஞ்சமாக் கிட்ட வந்து போட்டார். எடுக்குறதே இல்ல, குடுக்குறது மட்டும்தான். போகப் போக அவர் வர்றதைக் கண்டாலே கரிச்சான் வாலை ஆட்டுச்சாம்.

மறு மாசி வந்துச்சு. தெருமுக்குல ஒச்சாயி நிக்குறா, இடுப்புல மாயன், கன்னத்துல தழும்பு. ஊரே சிரிக்க, அவ அப்பன் நாய்க்கு முதுகு காட்டி வர்றதை அவளே பார்த்தா. நேரா வாசப்படி ஏறினா.

"நாய் திருந்திருச்சாய்யா?"

"நாய் மேல என்ன தப்பு தாயி, அது திருந்த?" அவர் நிமிரவே இல்லையாம். "ஆனாலும் அது திங்கிற நேரம் பிள்ளையைக் கல்லுக்கு இந்தப் பக்கமே வச்சுக்க."

இன்னைக்கும் ஊமத்தம்பட்டியில நாய் வளர்க்கிற வீட்டுல அந்தக் கல்வட்டம் உண்டு. சடையாண்டி வட்டம்னு பேரு. சோத்தை வச்சு, மேல ஒரு துண்டு கருவாடு போட்டு, முதுகைக் காட்டித்தான் வரணும். எவ்வளவு பெரிய மீசையா இருந்தாலும் சரி. வெளியூர் மாப்பிள்ளைக பார்த்துட்டுச் சிரிப்பாங்க. ஊர்க்காரங்க தலையைக் குனிஞ்சுக்குவாங்க. அன்னைக்குத் தொடையைத் தட்டிச் சிரிச்சது அவங்க முப்பாட்டன்களும்தானே.